இரண்டு எம்பிஏவைச் சேர்த்துப் படிக்க: தொழில்முனைவு + சப்ளை செயின்

சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் பக்கத்திலேயே இருப்பதால், வடசென்னையில் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு தொழில்முனைவு, சப்ளை செயின் (சரக்கை வாங்கி, சேமித்து, கொண்டுசேர்ப்பது) என்ற இந்த இரண்டு பாடமும் கைகொடுக்கும்.

1. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 ஏப்ரலில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வழிவிட்டது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் இடிக்கக் கூடாது. ஒன்று நேரடி, மற்றொன்று தொலைநிலை அல்லது ஆன்லைன் என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். சப்ளை செயினை நேரடியாகப் படியுங்கள்; கிடங்கைப் பார்க்காமல் அது மண்டையில் ஏறாது.

2. தொலைநிலைப் படிப்பு யுஜிசியின் டெப் (DEB, தொலைநிலைக் கல்விப் பிரிவு) பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்பும் நீங்கள் சேரும் பருவமும் இருக்க வேண்டும். சேர்வதற்கு முதலில் ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் ஆன்லைன் கணக்கின் எண்), அதை எடுத்த பிறகு டெப் ஐடி. ஆதாரில் இனிஷியல் விரிந்தும் மார்க் ஷீட்டில் சுருங்கியும் இருந்தால் சிக்குவது இங்கேதான். முதலில் அதைத் திருத்துங்கள்.

3. டிசி ஒன்றுதான். நேரடிக் கல்லூரி ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளும். நகல் போதுமா என்று மற்ற இடத்தில் எழுத்துமூலம் கேட்டு வையுங்கள்.

4. இரண்டு சிலபஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கியல், மார்க்கெட்டிங், புள்ளியியல் என முதல் வருடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பாதிக்கு மேல் ஒத்துப்போனால் இரண்டாவது பட்டத்துக்குக் கட்டும் ஃபீஸ் வீண். இரட்டை ஸ்பெஷலைசேஷன் உள்ள ஒரே எம்பிஏவே மேல்.

5. இரண்டுக்கும் பயன்படுகிற மாதிரி ஒரே பொருளை ப்ராஜெக்டாக எடுங்கள். உதாரணம், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு மீன் பெட்டி சப்ளை. வருடத்துக்கு 2,400 பெட்டி விற்கும். ஒவ்வொரு ஆர்டருக்கும் வண்டி, இறக்குக் கூலி 900 ரூபாய். பெட்டி விலை 250. ஒரு பெட்டியை வருடம் முழுக்க வைத்திருக்க வட்டி 30, இட வாடகை 18, மொத்தம் 48 என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்து குறைவாக வர தடவைக்கு எத்தனை பெட்டி வாங்கலாம் என்பதற்கான சூத்திரம் (இஓகியூ): 2 × 2,400 × 900 ÷ 48 = 90,000. அதன் வர்க்கமூலம் 300. அதாவது தடவைக்கு 300 பெட்டி, வருடத்துக்கு 8 ஆர்டர்.

பரீட்சைக்கு இது சரியான விடை. கடைக்குத் தப்பு. விற்பனை வருடம் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்று இந்தச் சூத்திரம் நம்புகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஏப்ரல் இரண்டாம் வாரம் சரக்கு இறங்கினால் 300 பெட்டிக்குப் போட்ட 75,000 ரூபாய் இரண்டு மாதம் தூங்கும். கடன் தவணை தூங்காது. சப்ளை செயின் பாடம் சரக்கைப் பார்க்கும், தொழில்முனைவுப் பாடம் கையிருப்புப் பணத்தைப் பார்க்கும். இரண்டும் மோதுகிற இடம் இதுதான். அறிக்கையில் இந்தப் பகுதியைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

சரிசெய்ய, விற்பனையை மீதி 304 நாளுக்குப் பிரியுங்கள்: நாளுக்குச் சுமார் 8 பெட்டி, 300 பெட்டி 38 நாளில் தீரும். தடைக்கு முந்தைய கடைசிச் சரக்கை மார்ச் முதல் வாரத்தில் இறக்குங்கள். தடை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பெட்டி கேட்பார்கள். அதனால் மே கடைசியிலேயே ஆர்டர் சொல்லி, ஜூன் இரண்டாம் வாரம் வரவழையுங்கள்.