கதை நேரப் படத்துக்குப் பிள்ளைகளோடு வண்ணம் தீட்டுவது எப்படி?

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துப் பிடித்திருப்பார். முன்னால் பாயில் நாலைந்து பிள்ளைகள். ஒருத்தி வாயைப் பிளந்து கேட்பாள், ஒருவன் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பான். இந்த மாதிரி கோட்டுப்படம் பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு மாம்பழம், மயிலை விட இது கஷ்டம்தான். எல்லாமே சின்னச் சின்ன முகம், சின்னச் சின்ன கை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பாதியிலேயே எழுந்து ஓடிவிடும். அதனால் எந்த வரிசையில் தீட்டுகிறோம் என்பதைப் பெரியவர்கள் முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

முதலில் தாளும் குச்சியும்

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் தடிமனான கிரேயான் கொடுங்கள். கலர் பென்சிலைப் பிடித்து அழுத்த அந்த விரல்களுக்கு இன்னும் பலம் வந்திருக்காது. ஸ்கெட்ச் பென் வேண்டாம். சாதாரண ஜெராக்ஸ் தாளில் மை மறுபக்கம் ஊறி, கீழே இருக்கும் மேசையிலும் ஒட்டிக்கொள்ளும்.

படத்தில் முகங்கள் ரொம்பச் சின்னதாக இருந்தால் ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிக் கேளுங்கள். ஏ4 படத்தை ஏ3 அளவுக்கு மாற்ற 141 சதவீதம் என்று சொன்னால் போதும். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து தீட்டவும் அந்த அளவு வசதி.

நம் குமரி மாவட்டத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழைக்காலமும் இங்கே உண்டு. அந்த மாதங்களில் தாள் நமுத்துப்போகும். நமுத்த தாளில் கிரேயான் சரியாகப் பிடிக்காது, அழுத்தினால் கிழியும். தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

குச்சியைக் கொடுக்கும் முன் கதை

படத்தை மட்டும் காட்டி, "மக்களே, இந்த டீச்சர் என்ன கதை சொல்றாங்க?" என்று கேளுங்கள். ஒருத்தி யானை என்பாள், ஒருவன் பேய் என்பான். எதுவானாலும் சரி. டீச்சர் கையில் இருக்கும் புத்தகத்தின் அட்டை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். பிள்ளை சொன்ன கதையை முதலில் அந்த அட்டையில் வரையச் சொல்லுங்கள். குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளை என்றால் படகு வரலாம், தோவாளைப் பிள்ளை பூ வரையலாம். பெட்டியிலேயே பளிச்சென்று இருக்கும் நிறம் அட்டைக்குத்தான் போக வேண்டும். படத்தில் எல்லோரும் பார்ப்பது அதைத்தானே.

முகங்கள்

நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இங்கேதான். சும்மா விட்டால் பிள்ளைகள் எல்லா முகத்துக்கும் அந்த வெளிர் பீச் நிறக் குச்சியையே எடுப்பார்கள். அதுதான் தோல் நிறம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் அந்தக் குச்சிக்கு ‘சதை நிறம்’ என்று வைத்திருந்த பெயரை 1962-லேயே ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. நம் வகுப்பறைகளில் பழக்கம் இன்னும் மாறவில்லை.

"உன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்" என்று சொல்லுங்கள். வேறு பாடம் எதுவும் நடத்த வேண்டாம். பழுப்புக் குச்சி ஒன்று இருந்தாலே நாலைந்து நிறம் எடுக்கலாம்:

- லேசாகத் தடவினால் ஒரு நிறம், அழுத்தித் தீட்டினால் இன்னொன்று.
- முதலில் மஞ்சள் தடவி அதன்மேல் பழுப்பு.
- ஆரஞ்சின் மேல் பழுப்பு.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. கிரேயானுக்கு இந்த ஒரு விதி போதும். தலைமுடிக்கான கறுப்பைக் கடைசி வரைக்கும் ஒளித்தே வையுங்கள். கறுப்பு முதலில் வந்தால் கை பட்டு இழுத்து, முகமெல்லாம் கரி பூசியதுபோல் ஆகிவிடும்.

சேலையும் சட்டையும்

இதில் சொல்ல அதிகம் இல்லை, பிள்ளைகள் இஷ்டம். டீச்சர் சேலைக்கு மட்டும் ஒரு வித்தை உண்டு. வெள்ளை கிரேயானால் புள்ளிகளை நன்றாக அழுத்தி வைத்துவிட்டு, மேலே தண்ணீர் கலந்த வாட்டர்கலரை ஓட்டுங்கள். மெழுகில் தண்ணீர் ஒட்டாது, புள்ளிகள் வெள்ளையாகவே நிற்கும். இதற்குக் கெட்டியான தாள் வேண்டும்.

பாய்

இதற்கு நேர்மாறாக மெல்லிய தாள்தான் நல்லது. ஆகவே சேலையா பாயா என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் பாய்தான். வீட்டில் இருக்கும் பனையோலைப் பெட்டியின் மூடியையோ கோரைப்பாயின் ஓரத்தையோ, படத்தில் பாய் இருக்கும் இடத்துக்கு நேர்கீழே வையுங்கள். கிரேயானைச் சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டு, குச்சியைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். பின்னல் அப்படியே தாளில் எழும்பி வரும். தாள் நகராமல் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலுக்கு வெளியே

தென்னை, மலை, கடல், எது வேண்டுமானாலும் வரட்டும். யாராவது ஒருவர் கட்டாயம் திருவள்ளுவர் சிலை கேட்பார். 133 அடியில் பீடம் 38, சிலை 95. அதாவது பீடம் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. கீழே ஒரு பெட்டி, மேலே அதைப்போல் இரண்டரை மடங்கு உயரத்துக்கு ஆள் என்று புள்ளி வைத்துக் கொடுத்தால் மீதியை அவர்களே வரைந்துவிடுவார்கள். சாம்பல் நிறத்தில் லேசாகப் பழுப்பைக் கலந்தால் கல் மாதிரி இருக்கும். தங்க நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது

சின்னப் பிள்ளை பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிது. சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று நீங்கள் குச்சியை வாங்கி நிரப்பாதீர்கள். மறுநாள் தொடரலாம். கோட்டைத் தாண்டிப் போனதையும் திருத்த வேண்டாம்.

முடிந்ததும் பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி, அந்தப் பிள்ளை சொன்ன கதையையும் இரண்டு வரியில் குறித்து வையுங்கள். பத்திரப்படுத்துவதற்காகக் கடையில் கொடுத்துச் சூடு லேமினேஷன் போடாதீர்கள். கிரேயான் மெழுகு, சூட்டில் இளகி இழுக்கும். சாதாரண பிளாஸ்டிக் உறை போதும்.