ஸ்போர்ட்ஸ் காருக்கு நல்ல ஷாக்: பிராண்டைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, காரில் இப்போது என்ன ஸ்பிரிங் இருக்கிறது, உயரத்தை எவ்வளவு இறக்கியிருக்கிறீர்கள் என்பதைத்தான். சஸ்பென்ஷன் வேலையே பிழைப்பாகிவிட்ட எனக்குத் தெரிந்தவரை, ஆசையாக வாங்கிய ஷாக் பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஷாக்கின் தரம் காரணமில்லை. அது மேலும் கீழும் போய்வர இடமில்லாமல் போயிருக்கும்.

அந்த இடம் உங்கள் காரில் எவ்வளவு இருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். ஷாக்கின் ரப்பர் உறையை மேலே ஒதுக்கினால் பளபளப்பான பிஸ்டன் ராடு தெரியும். அதில் மெல்லிய கேபிள் டை ஒன்றை, விரலால் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கிக் கட்டி, ஷாக்கின் உடலோடு ஒட்டும்படி கீழே இறக்கிவிடுங்கள். சக்கரத்தை மாட்டி, நீங்கள் வழக்கமாகப் போகும் சாலையில், வழக்கமான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். ஷாக் அமுங்கும்போதெல்லாம் அதன் உடல் அந்த டையை மேலே தள்ளிக்கொண்டு போகும். திரும்பப் பார்க்கும்போது டை நிற்கிற இடம்தான் அன்று ஷாக் அமுங்கிய எல்லை. பம்ப் ஸ்டாப்புக்கு (ராடின் மேல்பக்கம் இருக்கும் ஃபோம் கட்டை) கீழே தாராளமாக இடைவெளி இருந்தால் நல்லது. டை பம்ப் ஸ்டாப்பிலேயே போய் நசுங்கியிருந்தால், கார் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு அந்த ஃபோம் கட்டையின் மேல் விழுகிறது என்று அர்த்தம்.

ஒரு விஷயம்: மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சின்ன கார்களில் வளைவில் சாயும்போது பம்ப் ஸ்டாப்பை லேசாகத் தொடுவது தொழிற்சாலை அமைப்பிலேயே உண்டு. தொடுவது வேறு, முழுக்க நசுங்குவது வேறு. அப்படிப்பட்ட ஒரு காரை 'ஷாக் ரொம்பக் கடினம், மென்மையானது வேண்டும்' என்று ஒருவர் கொண்டுவந்தார். உயரத்தை இறக்கும் ஸ்பிரிங் போட்டு, கம்பெனி ஷாக்கை அப்படியே விட்டிருந்தார்கள். பம்ப் ஸ்டாப் பாதி கிழிந்து, ராடைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கிடந்தது. அவர் கடினம் என்று உணர்ந்தது ஷாக்கை அல்ல, ஸ்டாப்பை. உடல் நீளம் குறைந்த ஷாக் போட்டதும், முன்பைவிட அதிக டேம்பிங் (ஆட்டத்தை அடக்கும் விசை) இருந்தும் கார் மென்மையாகிவிட்டது.

இதனால்தான் உயரத்தைக் குறைத்திருந்தால் அதற்கென்று செய்த ஷாக்கையே வாங்கச் சொல்கிறேன். பில்ஸ்டீன் நிறுவனத்தின் ஷாக்குகளில் பி6 கம்பெனி உயரத்துக்கு. பி8 அதன் நீளம் குறைந்த வடிவம், இறக்கும் ஸ்பிரிங்கோடு போட வேண்டியது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி மஞ்சளாக இருக்கும். இறக்கிய காரில் பி6 மாட்டினாலும் ஓடும், ஆனால் பிஸ்டன் எப்போதும் தன் பயணத்தின் அடிப்பகுதியிலேயே உழன்றுகொண்டிருக்கும்.

அடுத்தது ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் உள்ள பொருத்தம். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஆடுகிற ஆட்டத்தை எண்ணெய் வழியாக வெப்பமாக்கி அடக்குவது ஷாக். ஒரு ஸ்பிரிங்குக்குத் தேவையான டேம்பிங், அதன் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். ஸ்பிரிங்கை 20 சதவீதம் விறைப்பாக்கினால் டேம்பிங் 10 சதவீதம் போலத்தான் கூட வேண்டும். இரண்டு மடங்கு விறைப்பாக்கினாலும் 41 சதவீதம்தான். கம்பெனி ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு ரேஸ் ஷாக் மாட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மேட்டில் அமுங்கிய சக்கரம் திரும்பி வரச் சோம்பல்படும், டயர் சாலையை விட்டு எழும்பும், பிடிமானம் போய்விடும். விறைப்பாக இருப்பது வேகமாக இருப்பது போலத் தோன்றும். டயரைத் தரையோடு வைத்திருக்கிற ஷாக்தான் உண்மையில் வேகமானது.

மோனோடியூப், ட்வின்டியூப் என்ற கேள்விக்கு வருவோம். மோனோடியூபில் ஒரே குழாய். எண்ணெயையும் நைட்ரஜனையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைக்கும். பிரான்ஸின் டி கார்பன் உருவாக்கிய இந்த முறையை பில்ஸ்டீன் 1957-ல் மெர்சிடிஸ் கார்களுக்காகப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. வாயு அழுத்தம் அதிகம் என்பதால் எண்ணெய் நுரைக்காது. எண்ணெய் வெளிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் சூடு சீக்கிரம் இறங்கும். டிராக்கில் சுற்றுக்கு மேல் சுற்று ஓட்டுகிறவருக்கு இதுதான் சரி. ஆனால் அந்த அழுத்தம் ராடை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 12 மி.மீ. ராடில் 25 பார் அழுத்தம் என்றால் ஏறக்குறைய 280 நியூட்டன், அதாவது 28 கிலோ போல. புது ஷாக் போட்டதும் கார் சில மி.மீ. உயர்ந்து நின்றால் பயப்பட வேண்டாம், காரணம் இதுதான். இன்னொன்று, கல்லடி பட்டு உடல் ஒடுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் உள்ள ட்வின்டியூபில் வெளிக்குழாய் ஒடுங்கினாலும் உள்ளே வேலை நடக்கும், உராய்வும் குறைவு, அதே நீளத்துக்குள் கூடுதல் பயணமும் கிடைக்கும். அன்றாடம் ஓட்டி, எப்போதாவது மலைப்பாதையில் வேகம் காட்டும் காருக்கு நல்ல ட்வின்டியூப் தாராளமாகப் போதும். கோனியின் மஞ்சள் ஸ்போர்ட் ஷாக்குகள் எனக்குப் பிடிக்கும்.

முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் இருக்கிற கார் என்றால் ஒன்று சேர்த்துக் கவனியுங்கள். அங்கே ஷாக்தான் சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கிறது. பக்கவாட்டு விசையில் ஒரு பங்கு அதன் மேலும் விழும். தலைகீழாக மாட்டும் மோனோடியூபில் மெல்லிய ராடுக்குப் பதிலாகத் தடித்த உடலே புஷ்ஷுக்குள் (அதைத் தாங்கும் உள்வளையம்) சறுக்குவதால் வளைவில் உறுதி கூடும். (அந்த வகையில் ராடு வெளியே தெரியாது, கேபிள் டை சோதனை செய்ய முடியாது.)

விற்பவரிடம் கேட்க வேண்டியது டைனோ வரைபடம். ஷாக் எந்த வேகத்தில் நகரும்போது எவ்வளவு விசை தருகிறது என்பது அதில் இருக்கும். இடது ஓரத்தைப் பாருங்கள், விநாடிக்கு 0.1 மீட்டருக்குக் கீழே. பிரேக் பிடிக்கும்போது மூக்கு தாழ்வது, வளைவில் சாய்வது எல்லாம் அந்த மெதுவான நகர்வுதான். ஸ்டீயரிங்கில் நீங்கள் உணர்கிற கூர்மை அங்கேயிருந்து வருகிறது. பள்ளமும் ஓரக்கல்லும் அதைவிடப் பல மடங்கு வேகமான நகர்வு. கோடு தொடக்கத்தில் சடசடவென ஏறி, பிறகு சாய்வு குறைந்து போனால் சாலைக்கு ஏற்ற ஷாக்: காரின் உடலை இறுக்கிப் பிடிக்கும், பள்ளத்தில் விட்டுக்கொடுக்கும். கோடு கடைசிவரை செங்குத்தாக ஏறினால் மேடுபள்ளச் சாலையில் முதுகுக்கு வேலை வைக்கும். வரைபடம் தர மறுக்கிற தயாரிப்பை நான் யாருக்கும் சொல்வதில்லை.

டேம்பிங்கைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கேடபிள்யூ நிறுவனத்தின் வேரியன்ட் 1-ல் டேம்பிங் மாற்ற முடியாது, 2-ல் ரீபவுண்ட் (ஷாக் நீளும்போது வரும் டேம்பிங்) மட்டும், 3-ல் கம்ப்ரஷனும் (அமுங்கும்போது வருவது) சேர்த்து. டேட்டா எடுத்துப் படிக்கிற பழக்கம் இல்லாதவருக்கு ரீபவுண்ட் ஒன்று போதும். திருகை முழுக்க மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்தீர்கள் என்று எண்ணுங்கள். நான்கு சக்கரத்துக்கும் எழுதி வையுங்கள். அலையலையான சாலை ஒன்றைப் பிடித்து, கார் மிதப்பது நிற்கும்வரை ஒவ்வொரு கிளிக்காக இறுக்குங்கள். தொடர்ந்து வரும் மேடுகளில் கார் படிப்படியாகத் தரையோடு தாழ்ந்துகொண்டே போவது போல இருந்தால் அளவு மீறிவிட்டது. ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் திரும்புவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அப்போது ஒன்றிரண்டு கிளிக் திறந்துவிட்டால் சரி.

மின்னணு ஷாக் இருக்கிற கார் என்றால், அந்த அமைப்போடு சேர்ந்து வேலை செய்யும் மாற்று ஷாக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாதாரண ஷாக்குக்கு மாறினால் எச்சரிக்கை விளக்கை அடக்கும் மாட்யூலும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

மாட்டும் வேலையை வேறு யாரிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நில்லுங்கள். ராடு சுழலாமலிருக்க அதை பிளையரால் பிடிக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், ஒவ்வொரு அசைவிலும் எண்ணெய் சீலை அறுத்துவிடும். மேல் நட்டுக்கு இம்பாக்ட் கன்னும் வேண்டாம். ட்வின்டியூபை நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை முழுக்க அமுக்கி இழுத்துவிட்டு மாட்டினால் காற்று வெளியேறிவிடும். ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் போல்ட்டுகளைக் கார் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல்முனையைக் காரோடு பிணைக்கும் பாகம்), பம்ப் ஸ்டாப், தூசி உறை மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், அதே கழற்றலில் முடிந்துவிடும். அப்புறம் வீல் அலைன்மென்ட். ஷாக்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பிரித்துப் புதுப்பிக்கக்கூடிய வகை என்றால், சீலும் எண்ணெயும் மாற்றும் நாளில் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.