கீழ்முதுகு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் நேராகக் கடைசியில் இருக்கும் 'இம்ப்ரெஷ'னுக்குத்தான் (முடிவுச் சுருக்கம்) போவோம். அங்கே நாலைந்து வரிதான் இருக்கும், ஒவ்வொன்றும் வயிற்றைக் கலக்கும். முதுகுவலி இடது காலுக்கு இறங்கியபோது எனக்கு எடுத்த ஸ்கேனை வைத்துப் பழகிய வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒரு தடவை இப்படிப் படித்துவிட்டால், உள்ளே போய் என்ன கேட்பது என்றாவது தெரியும்.

படி 1: எந்த மட்டம்?

கீழ்முதுகில் எல்1 முதல் எல்5 வரை ஐந்து முதுகெலும்புகள், அதற்குக் கீழே எஸ்1 (திருவெலும்பின் முதல் பகுதி). எல்4-க்கும் எல்5-க்கும் நடுவில் இருக்கும் ஜவ்வு எல்4–எல்5 டிஸ்க். தொல்லை பெரும்பாலும் அதிலோ எல்5–எஸ்1-லோதான் இருக்கும். நார்மல் என்று எழுதியிருக்கும் மட்டங்களை பென்சிலால் அடித்துவிடுங்கள்.

படி 2: படத்தைத் திறங்கள்

ஃபிலிமை போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது வீண் வேலை. ஸ்கேன் மையத்தில் டைகாம் கோப்புகளை (ஸ்கேனின் மூலப் படக் கோப்புகள்) கேட்டு வாங்குங்கள். அவற்றைத் திறக்க மேக் கணினி என்றால் ஹோரோஸ், மற்றபடி வீசிஸ் என்ற மென்பொருள், இரண்டும் இலவசம். ஸ்கேன் குறுந்தகடோடு சேர்ந்து வரும் வியூவரை நான் தொடுவதே இல்லை.

முதலில் பக்கவாட்டில் எடுத்த (சாஜிட்டல்) டி2 படங்களைப் பாருங்கள். டி2 என்பது எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் ஒரு முறை, அதில் நீர் வெள்ளையாகத் தெரியும். நல்ல டிஸ்க்கின் நடுப்பகுதி வெளுப்பாக இருக்கும், நீர் வற்றியது கறுத்திருக்கும். ரிப்போர்ட்டில் 'டெசிகேஷன்' என்று வருவது இதைத்தான். தலை நரைப்பதைப் போல இதுவும் வயதோடு வருவது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது.

அடுத்து குறுக்குவெட்டு (ஆக்ஸியல்) படங்கள். இவை காலடியிலிருந்து பார்ப்பதுபோல் அமைந்தவை, அதனால் திரையின் இடப்பக்கம் உங்கள் வலப்பக்கம்.

படி 3: எவ்வளவு வெளியே வந்திருக்கிறது?

பல்ஜ் என்றால் டிஸ்க் சுற்றளவில் பெரும்பகுதி லேசாகப் பிதுங்கியிருக்கிறது. புரோட்ரூஷன் என்றால் ஓரிடத்தில் மட்டும், அடி அகலமாகப் பிதுங்கியிருக்கிறது. எக்ஸ்ட்ரூஷனில் வெளியே வந்த பகுதி அடியைவிட அகலம். துண்டு தனியாகப் பிரிந்துவிட்டால் சீக்வெஸ்ட்ரேஷன். பெயர் பெரிதாகப் பெரிதாகக் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வெளியே வந்த துண்டை உடலே கரைத்துக்கொள்வது சாதாரண பல்ஜைவிட எக்ஸ்ட்ரூஷனிலும் சீக்வெஸ்ட்ரேஷனிலும்தான் அதிகம்.

படி 4: எந்த நரம்பு?

பலர் தடுக்கி விழும் இடம் இது. எல்4–எல்5-ல் பிதுக்கம் என்றால் எல்4 நரம்புதான் மாட்டியிருக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. அந்த மட்டத்தில் எல்4 நரம்பு டிஸ்க்குக்கு மேலேயே பக்கவாட்டுத் துவாரம் வழியாக வெளியேறிவிடுகிறது. டிஸ்க்குக்குப் பின்னால் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருப்பது எல்5.

ஆகவே பிதுக்கம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்ற சொல்லைத் தேடுங்கள். 'பாராசென்ட்ரல்' என்றால், அதாவது நடுவுக்குச் சற்றுப் பக்கத்தில் என்றால், எல்5 மாட்டும். 'ஃபோராமினல்' என்றால், துவாரத்துக்குள் என்றால், எல்4 மாட்டும். ஒரே டிஸ்க்தான், ஆனால் நரம்பு வேறு, வலிக்கும் இடமும் வேறு. எல்5–எஸ்1-க்கும் இதே கணக்கு: பாராசென்ட்ரல் எஸ்1, ஃபோராமினல் எல்5.

இப்போது உங்கள் காலோடு ஒப்பிடுங்கள். எல்4 என்றால் தொடையின் முன்பக்கம், முழங்கால், முழங்காலுக்குக் கீழே காலின் உட்பக்கம். எல்5 என்றால் காலின் வெளிப்பக்கம், பாதத்தின் மேல், பெருவிரல். குதிகாலில் நடக்கச் சிரமப்படலாம். எஸ்1 என்றால் கெண்டைக்கால், பாதத்தின் வெளியோரம், சுண்டுவிரல். முன்பாதத்தில் எம்பி நிற்கத் தடுமாறலாம். ரிப்போர்ட் வலது என்று சொல்லி, வலி இடது காலில் இருந்தால், டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். ஸ்கேன் கண்ணில் பட்டதையெல்லாம் பட்டியல் போடும். அதில் எது வலிக்குக் காரணம் என்று காலைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

ஹீமாஞ்சியோமா (எலும்புக்குள் இருக்கும் தீங்கில்லாத ரத்தக்குழாய்த் திரட்சி), ஷ்மோர்ல் நோடு (டிஸ்க் எலும்புக்குள் பிதுங்கிய குழி) இரண்டும் பெரும்பாலும் தற்செயலாகத் தென்படுபவை. 'தீகல் சாக் இண்டென்டேஷன்' என்பது நரம்புகள் மிதக்கும் பையை டிஸ்க் தொட்டு அமுக்குகிறது என்பது மட்டும்தான். நரம்பு நசுங்கியதா என்பது வேறு வரியில் இருக்கும்.

சிறுநீர் வராமல் அடைத்தாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, மலம் கட்டுப்படாவிட்டாலோ, அந்தரங்கப் பகுதியைச் சுற்றி மரத்துப்போனாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

பிற்சேர்க்கை: பழைய ரிப்போர்ட்டில் எல்5–எஸ்1, புதியதில் எல்4–எல்5 என்று இருக்கிறதே, டிஸ்க் மாறிவிட்டதா என்று இதைப் படித்த சிலர் கேட்டார்கள். சிலருக்குக் கீழ்முதுகின் கடைசி எலும்பு எஸ்1-ஓடு ஒட்டியிருக்கும், சிலருக்கு எஸ்1 தனியாகப் பிரிந்து ஆறாவது எலும்பு போலத் தெரியும். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறிவிடும். இப்படிப்பட்ட எலும்பைக் குறிக்கும் 'டிரான்சிஷனல் வெர்டிப்ரா' என்ற சொல் ரிப்போர்ட்டில் எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்து, ஊசி அல்லது அறுவைச் சிகிச்சைப் பேச்சும் வந்தால், இரண்டு ஸ்கேனையும் எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோய், எந்த எலும்பை எல்5 என்று எண்ணியிருக்கிறார்கள் என்று திரையில் காட்டச் சொல்லுங்கள்.