தொலைபேசி சர்வருக்கு இரண்டாவது வழி: 4ஜி மோடமும் வயர்கார்டும்

ஆஸ்டரிஸ்க் அல்லது ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள் இயங்கும் சர்வரைத் தொலைவிலிருந்து பராமரிப்பவருக்கு, அதனுள் நுழைய ஒரு வழி மட்டும் இருந்தால் போதாது. இணையம் அறுபடலாம், ஃபயர்வால் விதி ஒன்றை மாற்றும்போது நமக்கான கதவை நாமே அடைத்துவிடவும் கூடும். எஸ்எஸ்எச் மூலம் லினக்ஸில் உள்நுழையத் தெரிந்திருந்தால் இந்த விளக்கம் போதும்.

சர்வரில் இணைக்க ஒரு 4ஜி மோடம், நிலையான ஐபி முகவரி உள்ள சிறிய விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்), வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் ஆகிய மூன்றும் தேவை. மொபைல் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருவதால், வெளியிலிருந்து மோடத்தை அழைக்க இயலாது. சர்வர்தான் விபிஎஸ்ஸைத் தேடிச் சென்று டன்னலை, அதாவது இரண்டுக்கும் இடையிலான மறைகுறியாக்கப்பட்ட பாதையை, தொடங்க வேண்டும். இதற்கு, அறுந்த எஸ்எஸ்எச் இணைப்பைத் தானே மீண்டும் தொடங்கும் ஆட்டோஎஸ்எஸ்எச்சையும் பயன்படுத்தலாம் என்றாலும், இணைப்பு திடீரென அறும்போது விபிஎஸ்ஸில் பழைய போர்ட் சிறிது நேரம் விடுபடாமல் நின்று புதிய இணைப்பை மறுக்கும் என்பதால், நான் வயர்கார்டையே பரிந்துரைப்பேன்.

முதலில் இரு பக்கமும் சாவிகளை உருவாக்கி, விபிஎஸ்ஸுக்கு 10.77.0.1, சர்வருக்கு 10.77.0.2 என முகவரி கொடுங்கள். விபிஎஸ் யுடிபி 51820 போர்ட்டில் காத்திருக்கட்டும். சர்வர் பக்கத்தில் அனுமதிக்கப்படும் முகவரியாக 10.77.0.1/32 மட்டும் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் உள்ள 0.0.0.0/0 என்பதை அப்படியே ஒட்டினால், அழைப்புகள் எல்லாம் டன்னலுக்குள் போய்விடும். இணைப்பு அறாமலிருக்க அவ்வப்போது சிறு பாக்கெட் அனுப்பும் கீப்அலைவின் மதிப்பை 25 வினாடியாக வையுங்கள். விபிஎஸ்ஸின் பெயரை எழுதாமல் ஐபி எண்ணையே எழுதுங்கள், ஏனெனில் முதன்மை இணைப்பு அறுந்த நேரத்தில் டிஎன்எஸ்ஸும் கிடைக்காமல் போகலாம்.

அடுத்ததுதான் பலரும் கோட்டைவிடும் இடம். முதன்மை இணைப்பின் மெட்ரிக் (பாதையின் முன்னுரிமை எண்) 100 என்றும் மோடத்தின் மெட்ரிக் 700 என்றும் இருந்தால், லினக்ஸ் சிறிய எண்ணையே தேர்ந்தெடுக்கும். ஆகவே டன்னலும் முதன்மை இணைப்பின் வழியாகவே போகும். பிங் வரும், உள்நுழையவும் முடியும், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் ரூட்டர் உயிரோடு இருந்து அதற்கு அப்பால் இணையம் அறுந்தால், சர்வர் அதை அறியாமல் பழைய பாதையிலேயே பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்க, விபிஎஸ் முகவரிக்கு மட்டும் ஒரு /32 ரூட்டை மோடத்தின் கேட்வே வழியாகச் சேருங்கள்: விபிஎஸ் 203.0.113.10, மோடம் 192.168.8.1 எனில், 203.0.113.10-க்குப் போகும் பாக்கெட்டுகள் 192.168.8.1 வழியாகப் போக வேண்டும். மறுதொடக்கத்துக்குப் பின்னும் நிலைக்குமாறு அதைச் சேமியுங்கள். பிறகு விபிஎஸ்ஸில் வயர்கார்டின் நிலையைப் பாருங்கள்; எண்ட்பாயிண்ட் என்ற இடத்தில் மொபைல் நிறுவனத்தின் முகவரி தெரிந்தால்தான் வேலை முடிந்தது.

ஃப்ரீபிபிஎக்ஸ் ஃபயர்வாலில் டன்னல் இன்டர்ஃபேஸை ட்ரஸ்டட் மண்டலத்தில் வைத்து, தவறான உள்நுழைவு முயற்சிகளின் முகவரியைத் தடுக்கும் ஃபெயில்டுபேனின் விலக்குப் பட்டியலில் 10.77.0.0/24 என்பதைச் சேருங்கள். பொது இணையத்துக்கு எஸ்எஸ்எச்சையோ நிர்வாகப் பக்கத்தையோ திறந்துவிடாதீர்கள். விபிஎஸ்ஸில் நுழைந்து அங்கிருந்து சர்வருக்குத் தாவுவதே நல்லது.

சோதிக்கும்போது சர்வரின் கேபிளை எடுக்காமல், ரூட்டரின் வெளிப்பக்கக் கேபிளை எடுக்கச் சொல்லுங்கள். சர்வரின் கேபிளை எடுத்தால் முதன்மை இணைப்பின் ரூட்டே மறைந்து, பிழை இருந்தாலும் சோதனை தேறிவிடக்கூடும். வயர்கார்டின் நிலையில் காட்டப்படும் கடைசி ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் ஒன்றையொன்று உறுதிசெய்துகொண்ட நேரம்) 3 நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் டன்னல் அறுந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பின்சேர்க்கை: ஃப்ரீபிபிஎக்ஸ் 17 டெபியன் 12 மீது இயங்குவதால் வயர்கார்ட் அதன் கெர்னலிலேயே உண்டு. சென்ட்ஓஎஸ் 7 வழிவந்த பழைய நிறுவல்களின் 3.10 கெர்னலில் அது இல்லை. அங்கே கெர்னலைக் கிளறுவதைவிட, அதே லேனில் (உள் வலையமைப்பில்) ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றை வைத்து, மோடத்தையும் டன்னலையும் அதில் அமைத்து, அதன் வழியாகச் சர்வருக்குள் செல்லுங்கள். அப்போது ஃபெயில்டுபேன் விலக்குப் பட்டியலில் பையின் லேன் முகவரியைச் சேர்க்க வேண்டும்.