எத்தனை முக்கோணம்? தீக்குச்சி வைத்து எண்ணிப் பழகலாம்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிப்பு உதவித்தொகைக்காக எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில், மனத்திறன் பகுதிக்கு 90 கேள்வி, 90 நிமிடம். "இந்தப் படத்தில் எத்தனை முக்கோணங்கள்?" என்று கேட்டுவிட்டால் போதும், பேனா முனை படத்தின் மேல் அங்குமிங்கும் ஓடும். முதல் தடவை 24 வரும், மறு தடவை 26. குடியாத்தத்தில் மாலை நேரத்தில் சொல்லிக்கொடுக்கும் நான் அடிக்கடி பார்ப்பது இது. வரிசை பிடிக்காமல் எண்ணினால் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் இதே கதிதான்.

முதலில் சதுரம். எங்கள் ஊர்க் கைலியில் சதுரக் கட்டம் போட்டது ஒன்றை விரித்து, 4க்கு 4 கட்டங்களைச் சாக்பீஸால் வளைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கட்டம் 16. அப்புறம் 2க்கு 2 அளவில் ஓர் அட்டை வெட்டி இடது மேல் மூலையில் வையுங்கள். ஒவ்வொரு கட்டமாக வலப்பக்கம் நகர்த்தினால் 3 இடத்தில் உட்காரும். கீழே இறக்கினாலும் 3 வரிசைதான். ஆக 9. இப்படியே 3க்கு 3 அட்டைக்கு 4 இடம், முழுச் சதுரம் 1. மொத்தம் 30.

சரி, முக்கோணத்துக்கு வருவோம். இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். 30 தீக்குச்சி எடுத்து மருந்தைக் கிள்ளிவிடுங்கள். மேல் வரிசையில் 3 குச்சியால் ஒரு முக்கோணம். அதன் கீழே இரண்டு, அடுத்து மூன்று, கடைசியில் நான்கு. எல்லாமே நிமிர்ந்த முக்கோணங்கள். இடைவெளிகளில் தலைகீழ் முக்கோணங்கள் தாமாகவே வந்துவிடும்.

இப்போது அளவு வாரியாக எண்ணுங்கள். பக்கத்துக்கு 1 குச்சி: நிமிர்ந்தது 10, தலைகீழ் 6, ஆக 16. பக்கத்துக்கு 2 குச்சி: நிமிர்ந்தது 6. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நட்டநடுவில் தலைகீழாக ஒன்று இருக்கிறது. அதன் மூன்று முனைகளும் பெரிய முக்கோணத்தின் மூன்று பக்கங்களின் நடுவில் தொடும். அந்தப் 6 குச்சியையும் விரலால் தடவிப் பாருங்கள். 26 என்று எழுதும் பிள்ளைகள் பெரும்பாலும் விடுவது இந்த ஒன்றைத்தான். ஆக 7. பக்கத்துக்கு 3 குச்சி: 3. பக்கத்துக்கு 4 குச்சி: 1. கூட்டினால் 27.

உச்சியிலிருந்து அடிக்கோட்டுக்கு விசிறி போலக் கோடுகள் இறங்கும் படம் சுலபம். அடிக்கோடு 4 துண்டானால் 1+2+3+4, அதாவது 10. நடுவில் ஒரு குறுக்குக்கோடு அடிக்கோட்டுக்கு இணையாகப் போனால் 20.

கடைசியாக ஒன்றை நீங்களே போடுங்கள். ஒரு சதுரம், இரண்டு மூலைவிட்டங்கள், நடுவே ஒரு கூட்டல் குறி. மொத்தம் 8 துண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். தனித்துண்டு 8, இரண்டு துண்டு சேர்ந்தது 4, நான்கு துண்டு சேர்ந்தது 4, ஆக 16. மூன்று துண்டு சேர்ந்து முக்கோணம் எதுவும் வராது; அதைத் தேடி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.