ஒரு குதிரை, ஒரு மாதம்: ஐரோப்பிய நாடுகளின் குதிரை விடுதிக் கட்டணங்களை ஒப்பிடும் முறை

2023 வசந்தத்தில் வேலை மாற்றம் வந்தபோது, இங்கிலாந்தின் டோர்செட்டிலிருந்து ஜெர்மனியின் மியூன்ஸ்டர் வட்டாரத்துக்கு என் பெண்குதிரை நிலாவையும் கூட்டி வந்தேன். அப்போது அவளுக்கு 14 வயது. தோள் உயரம் 1.52 மீட்டர், எடை 520 கிலோ. கிளம்புவதற்கு முன் இரண்டு மாதம் இரவுகளில் உட்கார்ந்து இரு நாட்டு விடுதிக் கட்டணங்களையும் ஒப்பிட்டிருந்தேன். வந்து சேர்ந்த பிறகுதான் கணக்கு தவறென்று தெரிந்தது. முதல் குளிர்காலத்தில் நிலா இளைத்து விலா எலும்புகள் தெரிய நின்றதற்கு அந்தத் தவறான கணக்கே காரணம். உங்கள் குதிரைக்கு அப்படி நேரக்கூடாது என்பதால், இப்போது நான் எப்படி ஒப்பிடுகிறேன் என்பதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளில் 'ஒரு குதிரை, ஒரு மாதம்' என்று தலைப்பிடுங்கள். விடுதிகளின் விலைப்பட்டியலை அதற்குப் பின்புதான் திறக்க வேண்டும். உங்கள் குதிரைக்கு ஒரு மாதத்துக்கு என்னென்ன தேவையோ அதையெல்லாம் எழுதுங்கள்: லாய அறை, உலர்புல் எத்தனை கிலோ, தானியத் தீவனம், படுக்கை, லத்தி அள்ளுதல், மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டு மீண்டும் கூட்டி வருதல், போர்வை மாற்றுதல், சவாரித் திடல், லாடம், மருத்துவம், காப்பீடு. பிறகு ஒவ்வொரு விடுதியின் விலையையும் எடுத்து, இவற்றில் எதெது அந்த விலைக்குள் அடங்குகிறது என்று குறியுங்கள். குறி விழாத ஒவ்வொன்றுக்கும் தனியாக விலை கேட்டுக் கூட்டுங்கள். ஒப்பிட வேண்டியது அந்தக் கூட்டுத்தொகையைத்தான்.

அதற்கு முன் கால அளவை ஒன்றாக்க வேண்டும். பிரிட்டனில் விடுதிக் கட்டணத்தை வாரக் கணக்கில் சொல்வார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, ஸ்வீடன் என்று மற்ற இடங்களில் மாதக் கணக்குதான். டோர்செட்டில் நான் வாரம் 95 பவுண்டு கொடுத்தேன். நாலால் பெருக்கி மாதம் 380 என்று எழுதி வைத்தேன். ஆண்டுக்கு 52 வாரம். 95-ஐ 52-ஆல் பெருக்கிப் 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 412 பவுண்டு. நாலால் பெருக்கும்போது ஆண்டில் நான்கு வாரத்தின் வாடகை, அதாவது என் கணக்கில் 380 பவுண்டு, சத்தமில்லாமல் காணாமல் போகிறது. நாணய மாற்றத்துக்கும் ஒரே நாளின் விகிதத்தை எல்லா நாட்டுக்கும் பயன்படுத்துங்கள். யூரோ நாடுகளோடு சுவிஸ் பிராங்க், ஸ்வீடன் குரோனா, டென்மார்க் குரோன, போலந்து ஸ்வோட்டி எல்லாம் வரும்போது, ஆளுக்கொரு நாளின் விகிதம் கலந்துவிட்டால் ஒப்பீடே பாழாகும்.

அடுத்தது வரி. மியூன்ஸ்டர் பக்கத்தில் ஒரு விடுதியில் தொலைபேசியில் 390 யூரோ என்றார்கள். நேரில் போனபோது அது வரிக்கு முந்தைய தொகை என்று தெரிந்தது. ஜெர்மனியில் பொழுதுபோக்குக் குதிரைகளைப் பராமரிக்கும் சேவைக்கு 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி. கூட்டினால் 464 யூரோ. ஆண்டு வருமானம் குறைவான சிறு பண்ணைகள் இந்த வரியை வசூலிக்காமல் இருக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகளிலேயே கணக்கு மாறும். பிரான்சில் விலைக்குப் பின்னால் 'எச்டி' (HT) என்று இருந்தால் வரி சேராதது, 'டிடிசி' (TTC) என்றால் சேர்ந்தது. எந்த நாடானாலும் "மாத முடிவில் என் வங்கிக் கணக்கிலிருந்து போகும் தொகை எவ்வளவு?" என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

விடுதி வகைகளின் பெயர்களை ஒன்றுக்கொன்று நேராக வைக்க முடியாது. பிரிட்டனில் 'ஃபுல் லிவரி' என்றால் எல்லாம் அவர்கள் பொறுப்பு. 'பார்ட் லிவரி' என்றால் பாதி. 'டிஐஒய்' என்றால் அறையும் மேய்ச்சலும் மட்டும், வேலை முழுதும் நம்முடையது. 'கிராஸ் லிவரி' என்றால் வெறும் மேய்ச்சல் நிலம். ஜெர்மனியின் 'ஃபோல்பென்சியோன்' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் முழுப் பராமரிப்பு. ஆனால் பல இடங்களில் அதில் தீவனமும் லத்தி அள்ளுதலும் மட்டும் அடங்கும். அவிழ்த்துவிடுவதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். 'ஓஃபன்ஷ்டால்' என்பது அறைகள் இல்லாமல் குதிரைகள் கூட்டமாக வாழும் திறந்த லாயம். ஒரு மொழியின் சொல்லை இன்னொரு மொழிக்கு மாற்றிப் பார்த்து விலையை ஒப்பிடாதீர்கள். என் டோர்செட் விடுதியில் 'பார்ட்' என்பதற்கு வாரத்தில் ஐந்து நாள் வேலை என்று பொருள். சனி, ஞாயிறு காலை ஆறரைக்கு நான்தான் முள்கரண்டியும் தள்ளுவண்டியுமாக நிற்பேன். அந்த உழைப்புக்கும் ஒரு விலை வைத்து நான் தாளில் எழுதியிருக்க வேண்டும்.

இனி உலர்புல். சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் சறுக்கியது இங்கேதான். தமிழில் நாம் எல்லாக் காய்ந்த புல்லையும் வைக்கோல் என்றுவிடுகிறோம். இங்கே இரண்டும் வேறு. உலர்புல் என்பது பூக்கும் பருவத்தில் அறுத்துக் காயவைத்த புல். குதிரையின் முதன்மை உணவு அதுதான். வைக்கோல் என்பது கதிரடித்த பின் மிஞ்சும் தாள், பெரும்பாலும் படுக்கைக்கு. விலைப்பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து வரும்போது எது எதுவென்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை உலர்ந்த தீனி தின்ன வேண்டும். 520 கிலோ நிலாவுக்குக் குளிர்காலத்தில் நாளுக்குப் பத்து கிலோ, மாதத்துக்கு 300 கிலோ. டோர்செட்டில் உலர்புல் கட்டணத்துக்குள் இல்லை. 18 கிலோ சிறு கட்டு ஒன்று 6 பவுண்டு. மாதம் 17 கட்டு, 102 பவுண்டு. ஆக வாடகையும் சேர்த்து 514 பவுண்டு. அன்றைய விகிதத்தில் ஒரு பவுண்டுக்கு 1.15 யூரோ என்று வைத்தால் 591 யூரோ. இன்னொரு ஜெர்மன் விடுதியோ 'உலர்புல் உட்பட 430' என்றது. 160 யூரோ மிச்சம் என்று மகிழ்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன்.

'உட்பட' என்ற சொல்லுக்குள் எத்தனை கிலோ என்று நான் கேட்கவில்லை. டிசம்பரில் நிலாவின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, பயணப்பெட்டி நிறுக்கும் தொங்கு தராசோடு மாலையில் போனேன். அவளுடைய நாள் பங்கு 5.5 கிலோ. இரவு எட்டு மணிக்குப் புல் வைக்கும் வலை காலி. அடுத்த தீனி காலை ஏழுக்கு. ஜெர்மனியின் வேளாண் அமைச்சகம் 2009-இல் வெளியிட்ட குதிரை வளர்ப்பு வழிகாட்டி நெறிகள், தீனி இல்லாத இடைவெளி நான்கு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. குதிரையின் வயிற்றில் அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். வாயில் புல் இல்லாத நேரத்தில் அந்த அமிலம் வயிற்றுச் சுவரையே புண்ணாக்கும். நான் வெளியிலிருந்து புல் வாங்கிச் சேர்த்தேன், பிறகு விடுதியே மாறினேன். இப்போது கொடுப்பது 495 யூரோ. அதில் நாளுக்குப் பத்து கிலோ புல் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. வெளியில் வாங்கிய புல்லின் விலையையும் சேர்த்தால் 430-க்கும் இதற்கும் வித்தியாசம் மிகக் குறைவு.

கட்டு விலையை ஒருபோதும் கட்டாக ஒப்பிடாதீர்கள். சிறு கட்டு, உருளைக் கட்டு, பெரிய சதுரக் கட்டு எல்லாவற்றையும் ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று மாற்றுங்கள். பாதி ஈரத்தோடு பிளாஸ்டிக் சுற்றி வரும் ஹேலேஜில் தண்ணீர் எடையும் சேர்ந்திருப்பதால் அதே கிலோவுக்குத் தீனி குறைவு. வறட்சி ஆண்டில் விலை என்னாகும் என்றும் கேளுங்கள். 2018 கோடையில் வட ஐரோப்பா வறண்டபோது புல் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. அப்படி ஏறினால் அந்தக் கூடுதலை யார் தாங்குவது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

நிலமும் வானிலையும் கணக்கை மாற்றும். அயர்லாந்திலும் மேற்கு பிரிட்டனிலும் புல் நெடுங்காலம் வளர்வதால் மேய்ச்சல் விடுதி மலிவாகக் கிடைக்கும். ஸ்வீடனில் மேய்ச்சல் பருவம் குறுகியது. ஆண்டின் பெரும்பகுதி சேமித்த தீனிதான். தென் ஸ்பெயினில் கோடையில் பச்சையே இருக்காது. ஆனால் எப்ரோ பள்ளத்தாக்கில் குதிரை மசால் ஏராளமாக விளைவதால் அங்கே தீவனத்தின் தன்மையே வேறு. நெதர்லாந்தின் ஈர நிலங்களில் குளிர்காலத்தில் மேய்ச்சலைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே எல்லா விடுதியிடமும் ஒரே கேள்வியை வையுங்கள்: "ஜனவரியில், மழை நாளில், என் குதிரை எத்தனை மணி நேரம் வெளியே நிற்கும்?" ஜூன் மாதப் புகைப்படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

உழைப்புக் கூலிதான் நாடுகளுக்கிடையேயான வித்தியாசத்தில் பெரும் பங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் கணக்குப்படி 2023-இல் ஒன்றியத்தில் ஒரு மணி நேர உழைப்பின் சராசரிச் செலவு 31.8 யூரோ. பல்கேரியாவில் அது 9.3, லக்சம்பர்க்கில் 53.9. லத்தி அள்ளுவதும் குதிரையைக் கூட்டிப் போய்க் கூட்டி வருவதும் கையால் செய்யும் வேலைகள். இயந்திரம் அதிகம் குறைக்காது. கூலி உயர்ந்த நாட்டில் வேலையில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் மிச்சம் பெரிது. கூலி குறைந்த நாட்டில் அதே உழைப்புக்கு மிச்சம் சிறிது. டென்மார்க் போன்ற நாட்டில் சொந்தப் பராமரிப்பு வகையையும், போலந்தில் முழுப் பராமரிப்பையும் முதலில் விசாரியுங்கள் என்பேன்.

சட்டமும் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. நிலாவின் உயரத்துக்கு ஜெர்மன் நெறி சொல்லும் குறைந்தபட்சத் தனி அறை, உயரத்தை இரண்டால் பெருக்கி அதன் வர்க்கம்: 9.2 சதுர மீட்டர். டேனிஷ் விதியில் இரண்டுக்குப் பதில் 1.7: 6.7 சதுர மீட்டர். சுவிட்சர்லாந்தின் விலங்குப் பாதுகாப்பு ஆணையில் அந்த உயரத்துக்கு 9. சுவிட்சர்லாந்தில் குதிரையைக் கட்டிப்போட்டு வளர்ப்பதும் தடை, இன்னொரு குதிரையைப் பார்க்கவும் முகரவும் முடியாமல் தனியே வைப்பதும் தடை. அங்கே விலை அதிகமாக இருக்கும்போது, அதில் எவ்வளவு குதிரையின் நன்மைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

விடுதிக்கு வெளியே உள்ள செலவை நாடு நாடாகச் சேர்க்க வேண்டும். ஜெர்மனியில் கால்நடை மருத்துவக் கட்டணத்துக்கு அரசாணை உண்டு. 2022 நவம்பர் 22 முதல் புதிய பட்டியல். மருத்துவர் அதன் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை கேட்கலாம். இரவு அவசரத்துக்குக் குறைந்தது இரு மடங்கும், மேலே 50 யூரோவும் உண்டு. பிரிட்டனில் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விலையைத் தானே வைக்கும். லாடத்தை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆண்டுக்குக் கணக்கிட்டுப் பன்னிரண்டால் வகுங்கள். ஜெர்மனியில் சவாரிக்குதிரை யாருக்காவது தீங்கு செய்தால், உரிமையாளரின் பிழை இல்லாவிட்டாலும் அவரே பொறுப்பு என்கிறது குடியியல் சட்டத்தின் 833-ஆம் பிரிவு. பொறுப்புக் காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட இருக்காதீர்கள்.

பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் குதிரையோடு வருபவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றும் ரத்தப் பரிசோதனையும் தேவை. குடியேறுபவரின் சவாரிக்குதிரைக்கு, சில நிபந்தனைகளோடு, சுங்க வரி விலக்கு உண்டு. கிளம்பும் முன்பே விண்ணப்பியுங்கள். இந்த ஒருமுறைச் செலவை, அங்கே இருக்கப்போகும் மாதங்களால் வகுத்துத் தாளில் சேருங்கள்.

கடைசியாக, நேரில் போகாமல் எந்த விடுதியையும் தேர்ந்தெடுக்காதீர்கள். காலையில் போனால் எல்லாம் பெருக்கிக் கழுவி அழகாக இருக்கும். மாலை ஏழு மணிக்குப் போங்கள். தொங்கு தராசை எடுத்துச் செல்லுங்கள். அனுமதி கேட்டு, அங்கிருக்கும் ஏதோ ஒரு குதிரையின் இரவுப் புல்வலையை நிறுத்துப் பாருங்கள்.