தலைவர் காமெடி ஸ்கெட்ச் எடுக்கணுமா, மொதல்ல அல்லக்கைய எழுதுங்க

அரசியல் தலைவர கலாய்ச்சு ஸ்கெட்ச், அதாவது குட்டி காமெடி வீடியோ, எடுக்கறேன்னு கெளம்புற பாதிப்பேரு மொதல்ல பண்றது குரல் மாத்திப் பேசறதுதான், கரகர தொண்டை, தோள்ல துண்டு, கருப்புக் கண்ணாடி, அவ்வளவுதான் முடிஞ்சுபோச்சு. மிமிக்ரிக்கு கோயில் திருவிழா மேடைல கைதட்டு விழும், ஸ்கெட்ச்சுக்கு அது பத்தாது. தலைவர் கோமாளித்தனமே பண்ண வேணாம். அவர் சொல்ற கிறுக்குத்தனத்த கூட இருக்கற நாலு பேரு முழு பக்தியோட செஞ்சு முடிக்கணும், சிரிப்பு அங்கதான் இருக்கு.

மே மாச மதுரை வெயில்னு வச்சுக்கங்க. தலைவர் ஆலமரத்து நிழல திறந்து வைக்க வர்றாரு. நிழல சுத்தி ரிப்பன், எவர்சில்வர் தட்டுல கத்திரிக்கோல், 'வெயிலை விரட்டிய வீரமே'ன்னு பிளக்ஸ். வரவேற்புரை முடியறதுக்குள்ள நிழல் நகர்ந்துருது.

"அண்ணே, நிழல் கட்சி மாறுதுண்ணே."
"எங்கிட்டுடா போகுது?"
"கெழக்கண்ணே, எதிர்க்கட்சி கவுன்சிலரு வார்டு."
"ஆள விட்டு பேசிப் பாரு."

இந்த எடத்துல ஒருத்தன் பல்லக் காட்டினாலும் சீன் காலி. நாலு பேரும் மேடையத் தூக்கிக்கிட்டு நிழல் பின்னாடியே போகணும், மைக்செட்காரர் வயர இழுத்துக்கிட்டே வைஞ்சுக்கிட்டே வரணும். நிழலத் திறக்கலாம்ங்கற ஒரே ஒரு பொய்தான், மத்ததெல்லாம் நெசமா இருக்கணும். கூட்டத்துல நல்லா கவனிச்சுருக்கீங்களா, ஒருத்தருக்கு போத்தின பொன்னாடை மேசைக்கு அடியில போயி மடிஞ்சு அடுத்தவருக்கு திரும்ப வரும், அந்த மாதிரி சமாச்சாரத்த வசனமே இல்லாம பின்னாடி ஓட விடுங்க, தெரிஞ்சவன் உருளுவான்.

நடந்த கூத்த அப்படியே எடுக்காதீங்க. 2017 ஏப்ரல்ல வைகை அணைல தண்ணி ஆவியாகாம இருக்க தெர்மாகோல் மெதக்க விட்டாங்க, காத்து எல்லாத்தையும் கரையில ஒதுக்கிருச்சு. அதுக்கு மேல நீங்க என்னத்த எழுதுவீங்க? மீம்ஸ்லயே ஊரு சிரிச்சு முடிச்சாச்சு.

பேரச் சொல்லாம அடிக்கறது நம்ம பக்கத்து பழைய வித்தைதான். திருமங்கலத்துல வாழ்ந்த விஸ்வநாததாஸ் நாடக மேடைல வெள்ளைக்காரன வெள்ளைக் கொக்குன்னு பாடுவாரு, கூட்டத்துக்கும் புரியும் போலீசுக்கும் புரியும், ஜெயிலுக்கும் போனாரு, 1940 டிசம்பர் 31ல மேடையிலயே உசுரு போச்சு. நமக்கு அவ்வளவு ரிஸ்க் இல்ல, ஆனா நெசப் பேரப் போட்டு இல்லாத ஊழலச் சொன்னீங்கன்னா அவதூறு கேஸுதான், இப்ப அது பாரதிய நியாய சன்ஹிதாங்கற தண்டனைச் சட்டத்துல 356வது பிரிவு. கற்பனைத் தலைவர், கற்பனைக் கட்சின்னு போங்க. சாதி, ஒடம்பு, வீட்டுப் பொம்பளைங்க, இது மூணையும் தொடவே தொடாதீங்க, அதுல சிரிப்பும் கெடையாது.

கரை வேட்டிக்கு நம்ம ஊருல பெரிய கட்சி எதுவும் எடுக்காத கலரா பாருங்க, ரோஸ் நல்லாருக்கும், விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில துணி எடுத்து பார்டர் தைச்சுக்கலாம். லொகேசனுக்கு கீழக்குயில்குடி, ஆலமரம் இருக்கு, பின்னாடி சமணர் மலை, ஆனா அய்யனார் கோயிலுக்கு வர்றவங்களுக்கு எடைஞ்சல் பண்ணாம காலைலயே போயிருங்க. போன்ல எடுத்தா போதும், காசு இருந்தா காலர் மைக்குக்குப் போடுங்க, படம் கொஞ்சம் மங்கலா இருந்தாக்கூட பாப்பாங்க, வசனம் கேக்கலேன்னா தள்ளி விட்டுருவாங்க.

முடிவுல நிழலே காணோம், இருட்டிருச்சு. தலைவரே நேர்ல ஸ்டேசனுக்குப் போயி திருட்டு கம்ப்ளைண்ட் குடுக்கறாரு. ஏட்டையா பேனாவ எடுத்து நிதானமா எழுதிக்கிட்டே, "காணாமப் போறப்ப என்ன கலர்ல இருந்துச்சு?"ங்கறாரு. "கருப்பு." அந்த எடத்துல கட் பண்ணிருங்க, நன்றியுரையெல்லாம் ஒட்டாதீங்க.